ஸ்மார்ட் வாட்ச் காட்டும் ஆக்சிஜன் அளவு: எங்கே தவறுகிறது, எப்படிச் சரிபார்ப்பது

சில ஆண்டுகளாக எங்கள் புறநோயாளிப் பிரிவுக்கு வருவோரில் பலர், உடம்புக்கு என்ன என்று சொல்வதற்கு முன்பே மணிக்கட்டை நீட்டுகிறார்கள். ‘ராத்திரி 88 காட்டியது டாக்டர்’ என்கிறார் ஒருவர். விரலில் ஆக்சிமீட்டரைப் பொருத்திப் பார்த்தால் 98 இருக்கிறது. உசிலம்பட்டியிலிருந்தோ மேலூரிலிருந்தோ நள்ளிரவில் வாடகைக் கார் பிடித்து வந்த குடும்பம், நிம்மதியும் சலிப்புமாகத் திரும்பிப் போகிறது. இது ஒரு வகை. இரண்டு நாளாக மூச்சு வாங்கியும், ‘வாட்ச்சில் 97 தானே இருக்கிறது’ என்று வீட்டிலேயே இருந்துவிட்டு, உதடு கறுத்த நிலையில் அழைத்து வரப்படுவோர் இன்னொரு வகை. முதல் வகையில் காசும் தூக்கமும் போகின்றன. இரண்டாவது வகையில் உயிரே போகக்கூடும். ஆகவே அந்தக் கருவி எப்படி அளக்கிறது, எங்கே தடுமாறுகிறது, தடுமாறும்போது என்ன செய்ய வேண்டும் என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

ஆக்சிஜன் அளவு என்ற சொல் மதுரை வீடுகளில் புழங்கத் தொடங்கியது கொரோனா காலத்தில்தான். 2020 ஆகஸ்டில் தமிழக அரசு 2500 ரூபாய்க்கு வழங்கிய ‘அம்மா கோவிட் வீட்டுப் பராமரிப்பு’ப் பெட்டகத்தில் காய்ச்சல் பார்க்கும் கருவி, முகக்கவசம், கபசுரக் குடிநீர்ப் பொடி ஆகியவற்றுடன் விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரும் இருந்தது. மூச்சுத்திணறல் தெரியாமலேயே ஆக்சிஜன் இறங்கிவிடும் நோயாளிகளை அந்தச் சிறு கருவி அடையாளம் காட்டியது. தேவை கூடியதும் விலை கன்னாபின்னாவென்று ஏறியது. 2021 ஜூலையில் மத்திய அரசு அதன் வணிக லாபத்துக்கு 70 சதவீத உச்சவரம்பு விதிக்க வேண்டியதாயிற்று. அதே காலத்தில்தான் மணிக்கட்டில் கட்டும் கடிகாரங்களிலும் இந்த வசதி பரவலாக வந்தது. இரண்டும் ஒரே எண்ணைக் காட்டுவதால், இரண்டும் ஒன்றே என்ற எண்ணமும் உடன் வந்துவிட்டது.

அடிப்படை என்னவோ ஒன்றுதான். ரத்தத்தின் சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபின், ஆக்சிஜனைச் சுமக்கும்போது ஒரு நிறமாகவும் சுமக்காதபோது வேறு நிறமாகவும் இருக்கும். ஆக்சிஜன் இல்லாத ஹீமோகுளோபின் சிவப்பு ஒளியை அதிகம் விழுங்கும். ஆக்சிஜன் ஏறியது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை அதிகம் விழுங்கும். இரண்டு ஒளிகளையும் மாறி மாறிச் செலுத்தி, எது எவ்வளவு விழுங்கப்பட்டது என்று ஒப்பிட்டால் விகிதம் கிடைக்கும். ஆனால் தோல், தசை, எலும்பு, சிரை ரத்தம் எல்லாமே ஒளியை விழுங்குகின்றனவே, தமனி ரத்தத்தை மட்டும் எப்படிப் பிரித்தறிவது? ஜப்பானின் நிஹோன் கோடன் நிறுவனப் பொறியாளர் தகுவோ அவோயாகி 1970களின் தொடக்கத்தில் இதற்கு விடை கண்டார். இதயம் வெளியேற்றும் ரத்த அளவை ஒளியால் அளக்க முயன்றபோது, நாடித்துடிப்பால் வரும் ஏற்ற இறக்கம் அவருக்குத் தொல்லையாக இருந்தது. அந்தத் தொல்லையையே அவர் துணையாக்கிக்கொண்டார். துடிக்கும் பகுதி தமனி ரத்தம். துடிக்காத மற்றவற்றைக் கழித்துவிடலாம். இன்று உலகெங்கும் அறுவை அரங்குகளில் ஒலிக்கும் அந்தக் ‘கீக் கீக்’ ஒலிக்குப் பின்னால் இருப்பது இந்த எண்ணமே. அவோயாகி 2020 ஏப்ரலில் காலமானார், உலகமே ஆக்சிமீட்டரைத் தேடி அலைந்த நாள்களில்.

இதிலிருந்து தெளிவாகும் செய்தி ஒன்று உண்டு. நாடித்துடிப்பைக் கருவி சரியாகப் பிடிக்கவில்லையென்றால், அது காட்டும் ஆக்சிஜன் எண்ணும் சரியாக இராது. கடிகாரத்தின் பெரும்பாலான கோளாறுகள் இந்த ஒரு வரியில் அடங்கிவிடும்.

விரல் நுனியில் நுண்ணிய ரத்தக்குழாய்கள் நெருக்கமாக உள்ளன. ஆக்சிமீட்டர் நகத்தின் பக்கமிருந்து ஒளியைச் செலுத்தி, விரலைக் கடந்து மறுபுறம் வருவதை அளக்கிறது. கவ்விப் பிடிப்பதால் அசைவும் குறைவு. மணிக்கட்டின் மேற்புறமோ எலும்பும் நரம்புமான இடம். ரத்த ஓட்டம் குறைவு. ஒளி கையைக் கடந்து போகவும் வழியில்லை. தோலுக்குள் சென்று சிதறித் திரும்பிவரும் சிறு பங்கை மட்டுமே கடிகாரம் பிடிக்க முடிகிறது. கிடைக்கும் துடிப்பு மெலிதானது என்பதால், சிறு அசைவோ சிறு இடைவெளியோ அதைக் குலைத்துவிடும்.

இனி நம் ஊர் மணிக்கட்டுகளுக்கு வருவோம். கடிகாரங்களுடன் வரும் கையேடுகள் பச்சை குத்திய தோலில் அளவு சரியாக வராது என்று எச்சரிக்கின்றன. அதை எழுதியவர்கள் இளைஞர்களை நினைத்து எழுதியிருக்கலாம். எங்களிடம் வருவோரில் அறுபது, எழுபது வயதைக் கடந்த அம்மாக்கள் பலரின் முன்கையில் சிறு வயதில் குத்திய கோலமும் புள்ளியும் பெயரும் இருக்கின்றன. மையின் கரும்பச்சை நிறம் சிவப்பு ஒளியை விழுங்கிவிடும். மகன் ஆசையாக வாங்கிக் கொடுத்த கடிகாரம் அம்மாவின் கையில் எண்ணே காட்டவில்லை என்றாலோ, நாளெல்லாம் 85 என்று பயமுறுத்துகிறது என்றாலோ, முதலில் கடிகாரத்துக்கு அடியில் பச்சை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மறு கைக்கு மாற்றுங்கள். இரு கையிலும் இருந்தால், அவருக்கு விரல் ஆக்சிமீட்டரே ஏற்றது. கடிகாரம் மணி பார்க்க மட்டும் உதவட்டும்.

அடுத்தது கயிறு. அழகர்கோவிலிலோ பாண்டிகோவிலிலோ கட்டிய கயிறும், காப்பும், வளையலும் கடிகாரத்தின் ஒரு பக்கத்தை மெல்லத் தூக்கி நிறுத்துகின்றன. அந்த இடைவெளியில் வெளிச்சம் புகுந்துவிடும். சித்திரை வெயிலில் இந்த வெளிச்சம் உணரியைத் திணறடிக்கப் போதுமானது. கயிற்றை அவிழ்க்கச் சொல்லவில்லை. அளக்கும் நேரத்தில் கடிகாரத்தை மணிக்கட்டு எலும்பிலிருந்து ஒன்றிரண்டு விரற்கடை மேலே, முழங்கை நோக்கி ஏற்றிக் கட்டினால் போதும். மணிக்கட்டு மிகவும் ஒல்லியாக இருப்போருக்கும் இதுவே வழி. வார் சட்டையைப் போல் தளர்ந்திருக்கவும் கூடாது, ரத்த அழுத்தப் பட்டைபோல் இறுக்கவும் கூடாது. இறுக்கினால் தோலடியில் உள்ள மெல்லிய ஓட்டமே நின்றுவிடும். கழற்றியபின் தோலில் ஆழமான தடம் பதிந்திருந்தால் இறுக்கம் அதிகம் என்று கொள்ளுங்கள்.

வியர்வை, தேங்காயெண்ணெய், பவுடர், சந்தனம், மூட்டுவலிக்குத் தடவிய தைலம் ஆகியவை உணரியின் கண்ணாடி மேல் படலமாகப் படிகின்றன. வாரம் இருமுறை மெல்லிய ஈரத்துணியால் துடைத்து, உலர்ந்தபின் கட்டுங்கள். புதிதாக வாங்கிய கடிகாரம் என்றால் பின்புறம் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரித்தாயிற்றா என்றும் பாருங்கள். கீறல் விழுந்துவிடும் என்று அதை அப்படியே வைத்திருப்போர் இருக்கிறார்கள்.

அளக்கும் முறையைப் பற்றி ஒரு சொல். பேருந்திலோ, மாடிப்படி ஏறி வந்த மூச்சோடோ, பேசிக்கொண்டோ அளக்க வேண்டாம். ஐந்து நிமிடம் உட்காருங்கள். கை குளிர்ந்திருந்தால் உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்குங்கள். குளிர்சாதன அறையில் இருந்து வந்தோருக்கும், சர்க்கரை நோயால் ரத்த ஓட்டம் குறைந்தோருக்கும் இது மிகவும் தேவை. முன்கையை மேசை மேலோ தலையணை மேலோ, ஏறத்தாழ நெஞ்சின் உயரத்தில், கடிகாரத்தின் முகம் மேலே பார்க்கும்படி வையுங்கள். கையைத் தொங்கவிட்டால் சிரை ரத்தம் தேங்கி, அதுவும் துடிப்பதுபோல் தோன்றிக் கணக்கைக் கெடுக்கும். முடியும்வரை விரலைக்கூட அசைக்க வேண்டாம். வந்த எண்ணை அப்படியே ஏற்காமல், ஒரு நிமிடம் விட்டு மறுபடி அளங்கள். 97, 96, 97 என்று வந்தால் அது நம்பத்தக்க எண். 97, 88, 94 என்று தாவினால் கருவி தடுமாறுகிறது என்று பொருள். உடம்பின் ஆக்சிஜன் உட்கார்ந்திருக்கும்போது நிமிடத்துக்கு நிமிடம் அப்படிக் குதிப்பதில்லை.

இரவில் மட்டும் எண் இறங்குகிறது என்று சொல்வோர் மிகப் பலர். கையின் மேல் ஒருக்களித்துப் படுத்தால் ரத்த ஓட்டம் அழுந்தித் தவறான தாழ்வு வரும். ஆனால் எல்லா இரவுத் தாழ்வையும் இந்தக் கணக்கில் எழுதிவிடக் கூடாது. பலத்த குறட்டை, உறக்கத்தில் மூச்சு நின்று நின்று வருதல், காலையில் தலைவலி, பகலெல்லாம் தூக்கக் கலக்கம் ஆகியவையும் சேர்ந்திருந்தால், அது உறக்க மூச்சுத்தடையாக இருக்கலாம். அப்போது கடிகாரத்தின் இரவு வரைபடத்தைக் கைபேசியில் அப்படியே கொண்டுவந்து காட்டுங்கள். நோயை முடிவு செய்ய அது போதாது; உறக்கப் பரிசோதனை தேவையா என்று யோசிக்க நிச்சயம் உதவும்.

கருவியின் பக்கக் கோளாறுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மின்சேமிப்பு நிலையில் இருந்தால் பல கடிகாரங்கள் ஆக்சிஜன் அளப்பதை நிறுத்திவிடும். கைபேசிச் செயலியில் உடல்நலத் தரவுக்கான அனுமதி மறுக்கப்பட்டிருந்தாலும் எண் வராது. அணைத்து மீண்டும் இயக்குவதும், மென்பொருளைப் புதுப்பிப்பதும் பாதிச் சிக்கல்களைத் தீர்க்கும். இதயத்துடிப்பு சரியாக வருகிறது, ஆக்சிஜன் மட்டும் வரவில்லை என்றால் குழம்ப வேண்டாம். துடிப்பைப் பெரும்பாலும் பச்சை ஒளியே அளக்கிறது, ஆக்சிஜனுக்குச் சிவப்பும் அகச்சிவப்பும் வேண்டும்.

இதையே ஒரு சோதனையாகவும் கொள்ளலாம். இருட்டறையில் ஆக்சிஜன் அளவை எடுக்கச் செய்து, கடிகாரத்தின் அடிப்புறத்தைப் பாருங்கள். சிவப்பு ஒளி தெரிய வேண்டும். பச்சை மட்டும் மினுக்கிவிட்டு 98 என்று காட்டும் மலிவுக் கடிகாரம், அந்த எண்ணை எங்கிருந்து எடுக்கிறது என்பது அதைச் செய்தவருக்கே வெளிச்சம். தண்ணீர் பாட்டிலைச் சுற்றிக் கட்டினாலும் 98 காட்டும் கடிகாரங்கள் கடைகளில் உண்டு. நல்ல உணரியும் எப்போதாவது உயிரற்ற பொருளில் துடிப்பு இருப்பதாக ஏமாறும் என்றாலும், ஒவ்வொரு முறையும் சளைக்காமல் நல்ல எண்ணையே காட்டும் கருவியை நோயாளியின் கையிலிருந்து கழற்றிவிடுவது நல்லது. மூச்சை அடக்கிப் பார்த்து எண் இறங்குகிறதா என்று சோதிப்பதை மட்டும் செய்யாதீர்கள்; இதய நோயாளிக்கும் நுரையீரல் நோயாளிக்கும் அது விளையாட்டல்ல. கைபேசிக் கேமராவில் விரலை வைத்தால் ஆக்சிஜனைச் சொல்வதாகக் கூறும் செயலிகளையும் நம்ப வேண்டாம்.

வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் கொண்டுவரும் கடிகாரங்களில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. மாசிமோ என்னும் மருத்துவக் கருவி நிறுவனம் தொடுத்த காப்புரிமை வழக்கின் விளைவாக, 2024 ஜனவரி முதல் அமெரிக்காவில் விற்கப்பட்ட ஆப்பிள் வாட்ச்களில் ஆக்சிஜன் வசதி முடக்கப்பட்டிருந்தது. 2025 ஆகஸ்டில் மென்பொருள் மாற்றத்தின் மூலம் அது திரும்ப வந்தது. ஆனால் கணக்கு ஐபோனில் நடக்கிறது, விடையும் ஐபோனின் ஹெல்த் செயலியில்தான் தெரியும். ஆகவே அமெரிக்காவில் வாங்கிய கடிகாரத்தின் திரையில் எண் வரவில்லையென்றால், அதைப் பழுது பார்க்கும் கடைக்குக் கொண்டுபோகும் முன் எங்கே வாங்கியது, மென்பொருள் புதுப்பித்தாயிற்றா என்று பிள்ளைகளிடம் கேளுங்கள்.

கருவியில் பழுதே இல்லாமல் எண் இறங்குவதும் உண்டு. கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் சமவெளியைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. மூச்சுக்கு மூச்சு கிடைக்கும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறையும். மதுரையில் 98 இருந்தவர் அங்கே 94, 95 காட்டினால் அது இயல்பு. மதுரையிலேயே 91, 92 என்று இருக்கும் நுரையீரல் நோயாளி, மலைக்குப் போகும் முன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இதைவிட நாங்கள் அஞ்சுவது, நல்ல எண் காட்டியும் உடம்பு நலமில்லாத நிலைகளைத்தான். ரத்தசோகையை எடுத்துக்கொள்ளுங்கள். மாட்டுத்தாவணியிலிருந்து இருபது பேருந்துகள் நிறைந்து புறப்பட்டாலும், பத்தே பேருந்துகள் நிறைந்து புறப்பட்டாலும், ‘எல்லாப் பேருந்தும் நிறைந்திருந்தது’ என்று சொல்லலாம். போய்ச் சேர்ந்த ஆள்கள் பாதிதான். ஆக்சிமீட்டர் சொல்வது பேருந்து நிறைந்ததா என்பதை மட்டுமே. ஹீமோகுளோபின் 14 உள்ளவருக்கும் 7 உள்ளவருக்கும் அது 98 காட்டும். ஆனால் ரத்தம் சுமந்து செல்லும் ஆக்சிஜன் இரண்டாமவருக்கு ஏறத்தாழப் பாதியே. கர்ப்பிணிகளும், சிறுநீரக நோயாளிகளும், மாதவிடாயில் அதிக ரத்தப்போக்கு உள்ளோரும் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

புகையும் அப்படியே. தீ விபத்தில் புகையைச் சுவாசித்தவருக்கும், மூடிய அறையில் கரி அடுப்பைக் குளிருக்கு வைத்துக்கொண்டு உறங்கியவருக்கும் கார்பன் மோனாக்சைடு ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்ளும். கருவிக்கு அது ஆக்சிஜன் போலவே தோன்றும். உயிருக்குப் போராடுபவருக்கும் 98 காட்டும். விரல் ஆக்சிமீட்டரும் இதில் ஏமாறும். இங்கே எண்ணைப் பார்க்கவே வேண்டாம். வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து 108ஐ அழையுங்கள்.

தோலின் நிறமும் கணக்கில் சேரும். 2020 டிசம்பரில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவின்படி, ஆக்சிமீட்டர் நல்ல எண் காட்டியும் தமனி ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்திருந்த நிலை, வெள்ளை நிறத்தவரைவிடக் கறுப்பினத்தவரிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகமாகக் காணப்பட்டது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இதுபற்றி எச்சரிக்கை வெளியிட்டது. கருமை கூடிய தோலில் எண் உண்மையைவிடச் சற்று மேலே நிற்கக்கூடும். நம் பகுதி மக்களிடம் 93, 94 என்ற எல்லை எண்களை நாங்கள் அலட்சியம் செய்யாததற்கு இதுவும் காரணம். மேலும், சான்று பெற்ற விரல் ஆக்சிமீட்டர் 90 காட்டினாலே உண்மை 86 முதல் 94 வரை எங்கும் இருக்கலாம் என்று அதே நிர்வாகம் கூறுகிறது. மணிக்கட்டுக் கடிகாரத்திடம் அதைவிடத் துல்லியத்தை எதிர்பார்ப்பது நியாயமன்று.

ஆகவே சந்தேகம் வந்தால் வீட்டில் ஒரு விரல் ஆக்சிமீட்டர் இருக்கட்டும். அதற்கும் சில ஒழுங்குகள் உண்டு. நகப்பூச்சை அழித்துவிடுங்கள். விரல் நுனியில் மருதாணி கறுக்கச் சிவந்திருந்தால் மருதாணி இல்லாத விரலில் மாட்டுங்கள். ரத்த அழுத்தப் பட்டை அதே கையில் ஏறிக்கொண்டிருக்கும்போது அளக்காதீர்கள். ஒரு நிமிடம் பொறுத்து, எண் நிலைத்து நின்றபின் குறித்துக்கொள்ளுங்கள். திரையில் காட்டும் துடிப்பும், நீங்கள் நாடி பிடித்து எண்ணும் துடிப்பும் ஒத்திருந்தால் ஆக்சிஜன் எண்ணையும் பெரும்பாலும் நம்பலாம். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் எனப்படும் சீரற்ற இதயத்துடிப்பு உள்ளோருக்கு எல்லாக் கருவிகளுமே சிறிது தடுமாறும்.

விரலில் இரண்டு முறை அளந்தும் 93 அல்லது அதற்குக் கீழே நின்றால் அன்றே மருத்துவரிடம் பேசுங்கள். 90க்குக் கீழே என்றால் காத்திருக்க வேண்டாம், 108. நாட்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோய் உள்ளோருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்களில் பலருக்கு 88 முதல் 92 வரை இருப்பதே மருத்துவர் வகுத்த இலக்காக இருக்கும். அது உங்கள் சீட்டில் எழுதப்பட்டிருக்கும். வீட்டில் ஆக்சிஜன் வைத்திருக்கும் குடும்பங்கள் இதைத் தயவுசெய்து இருமுறை படியுங்கள்: கடிகாரம் 87 காட்டுகிறது என்று ஆக்சிஜன் குமிழைத் திருப்பி அளவைக் கூட்டாதீர்கள். இத்தகைய நோயாளிக்கு மிகையான ஆக்சிஜன் கொடுத்தால் ரத்தத்தில் கரியமில வாயு தேங்கி, அவர் அமைதியாக உறங்குவதுபோலவே மயக்கத்தில் ஆழ்ந்துவிடலாம். பக்கத்தில் இருப்பவருக்கோ எண் ஏறிவிட்டதே என்ற திருப்தி.

டயாலிசிஸ் செய்துகொள்வோர் ஃபிஸ்டுலா உள்ள கையில் எந்தக் கடிகாரத்தையும் கட்டக்கூடாது. அந்த ரத்தக்குழாய் அழுந்தி அடைபட்டுவிடக்கூடும். பேஸ்மேக்கர் பொருத்தியோர் காந்தத்தால் ஒட்டும் சார்ஜரைச் சட்டைப்பையில் வைக்க வேண்டாம்.

எண் எதுவாயினும், ஒரு வாக்கியத்தைப் பேசி முடிக்க முடியாத மூச்சு, நெஞ்சில் அழுத்தம், உதடோ நாக்கோ நீலம் பாரித்தல், புதிதாக வந்த குழப்பம், எழுப்பினாலும் எழாத உறக்கம் ஆகியவற்றில் ஒன்று இருந்தால் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் கழிக்காமல் புறப்படுங்கள்.

மற்ற நாள்களில் எண்ணை மட்டும் தனியே எழுதிவராதீர்கள். எந்த நேரம், எந்தக் கை, உட்கார்ந்தா நடந்தா, விரலில் எவ்வளவு இருந்தது, அப்போது உடம்பு எப்படி இருந்தது என்று ஒரு சிறு நோட்டில் நான்கைந்து நாள் குறித்து வாருங்கள். அடுத்த முறை வரும்போது கடிகாரத்தையும் கழற்றிவிடாமல் கட்டிக்கொண்டே வரலாம். புறநோயாளிப் பிரிவின் செவிலியர் எங்கள் ஆக்சிமீட்டருடன் அருகருகே வைத்து மூன்று முறை அளந்து, உங்கள் கடிகாரம் எவ்வளவு கூட்டியோ குறைத்தோ காட்டுகிறது என்பதை உங்கள் சீட்டிலேயே எழுதித் தருவார். கிளம்பும் முன் அதைச் சார்ஜ் செய்துகொள்ளுங்கள்.